‘விடிவு’ என்று எழுதியதை நீ அழித்த நாள்

நேற்றுப் பெய்த மழையில் கடைச் சுவரின் கரும்பலகை நன்றாக ஊறியிருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கியபோது ஈரச் சாக்பீஸின் வாசனை வந்தது. பக்கத்தில்தான் பூ மார்க்கெட். கூடை கூடையாக மல்லிகையும் மரிக்கொழுந்தும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அத்தனை மணத்துக்கு நடுவிலும் அந்தச் சுண்ணாம்பு வாசனை தனியாகப் பிரிந்து வந்தது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அப்படியே நின்றேன். நீ பின்னால் வந்து, “ஏ புள்ள ஜெயா, செத்த தள்ளு. வெயில் ஏறுறதுக்குள்ள எழுதிட்டுப் போறேன்” என்று சொல்லிவிடுவாய் போலிருந்தது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு.

அந்தப் பலகை என் மாமனார் காலத்தில் அடித்தது. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் வரும் நேரத்தை அதில் எழுதுவோம். கொரோனாவுக்குப் பிறகு அவர் வருவதில்லை. பலகை சும்மா கிடந்தது. நீ மாதம் ஒருமுறை உன் மாத்திரைகளை வாங்க வருவாய். தோல் பதனிடும் ஒரு தொழிற்கூடத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலை உனக்கு. பத்து வருடமாக உனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் சொந்த உடம்பை அடிக்கிற நோய். யாராவது கேட்டால், “எங்க வீட்டு நாயி என்னையே கடிக்குதுக்கா” என்று சிரித்தபடி சொல்வாய். வெயில் பட்டால் கன்னம் இரண்டும் சிவந்துவிடும் என்பதால் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் வருவாய்.

ஒருநாள் நான் மாத்திரை அட்டைகளை எண்ணி முடிக்கும்வரை பொறுக்காமல், கல்லாவில் கிடந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். திரும்பிப் பார்த்தபோது பலகையில் இருந்தது: “நாம் நிற்கும் விண்வெளியே மெல்ல ஏறி இறங்குகிறது.”

அன்றைய செய்தி அது. சீராகத் துடிக்கும் தொலைதூர விண்மீன்களைப் பல நாட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்காகக் கவனித்திருந்தார்கள். அந்தத் துடிப்புகள் மயிரிழைக்கும் குறைவாக முந்தியும் பிந்தியும் வந்து சேர்ந்தன. நடுவிலிருக்கும் விண்வெளியே அலையடிப்பதால்தான் அப்படி என்றார்கள். ஓர் அலை ஏறி இறங்கவே பல வருடம் ஆகும். வாசலில் பூ நிறுத்து விற்கும் பாண்டியம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அப்ப என் தராசும் ஆடுமாடி?” என்று கேட்டது.

“ஆடும்க்கா. ஆனா ஒங்க கட்டைவெரலு ஆட்டுற அளவுக்கு ஆட்டாது.”

பாண்டியம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பூவெல்லாம் சிதறியது. நீ சிரிக்கவில்லை. அலை தெரிந்துவிடும் போல, சிறுமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய். மலைமேல் பனி இன்னும் விலகவில்லை. “ஜெயா, நாம பொறந்தப்ப ஒரு அலை கெளம்பியிருக்கும்ல. இப்ப நாம அதுல ஏறிக்கிட்டு இருக்கமா, எறங்கிக்கிட்டு இருக்கமா?” என்றாய். கடையும் தெருவும் நாம் இருவரும் ஒரு பெரிய தூளியில் கிடப்பதுபோல இருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு செவ்வாயும், வேலைக்குப் போகும் வழியில், உலகத்தில் எங்கோ யாரோ கண்டுபிடித்த ஒன்று திண்டுக்கல் பூ மார்க்கெட் ஓரத்தில் தமிழில் வந்து உட்காரும். மருந்து பற்றியது என்றால் என்னைக் கேட்பாய். கணக்கு என்றால் நாம் இரண்டு பேரும் தடுமாறுவோம். எல்-வடிவமாகத் திரும்பும் ஒரு நடைவழியில் மூலை திருப்பிக் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சோபா எது என்ற கேள்வி ஞாபகம் இருக்கிறதா? கணக்கறிஞர்கள் ஏறக்குறைய அறுபது வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்களாம். கொரியாவில் ஓர் இளைஞர் விடை கண்டுவிட்டதாகப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மூட்டை இறக்குபவர்கள் பலகை முன்னால் கூடிவிட்டார்கள். “இதுக்கு அறுவது வருசமா? எங்கள கூப்புட்டிருந்தா பீரோவயே திருப்பியிருப்போம்ல” என்றார் ஒருவர். “திருப்புவீங்கண்ணே. அதவிடப் பெருசு திரும்பாதுன்னு நிரூபிப்பீங்களா?” என்று நீ கேட்டாய். அவர் வெற்றிலையை மென்றபடி பலகையை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

உனக்குப் பிடித்தது வேதியியல். தண்ணீரோடே பிழைத்தவள் நீ. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகளாகவே இருக்கும் ஒருவகைத் தூளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உன் குரலே மாறிவிடும். ஒரு சிட்டிகைக்குள் ஒரு மைதானம் அளவு பரப்பு இருக்குமாம். பாலைவனத்தில் இரவுக் காற்றிலிருந்து ஈரத்தை அந்த அறைகளுக்குள் பிடித்துவைத்து, பகல் சூட்டில் தண்ணீராக விட்டுவிடுமாம். “எங்கூரு கெணத்து மேல ஒரு கொடியக் கட்டி, சேலை காயப்போடுற மாதிரி இதத் தொங்கவிடணும் ஜெயா. விடிஞ்சு பாத்தா சொட்டுச் சொட்டா வடியணும்.” அதைச் சொல்லும்போது கையால் ஒரு கொடியைப் பிடித்திழுத்துக் காட்டுவாய். வெறும் காற்றில் அந்தச் சேலைகள் அசைவதை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்த இன்பத்திலேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் நீ எழுதியது இது: “ஒரு பெண்ணின் சொந்தச் செல்லே இன்சுலின் சுரந்தது. ஊசி நின்றது.” சீனாவில் நடந்தது, பொய்யில்லை. சுருக்கமாக எழுதிவிட்டோம் என்று உனக்குப் பெருமை. நானும் தலையாட்டினேன். முப்பது வருடம் மருந்து விற்றவள் தலையாட்டியதுதான் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அய்யலூரில் ஆட்டு வியாபாரம் செய்பவரின் மகள் கவிதா, பத்து வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள். எனக்கு அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். இருபத்திரண்டு வயதாகி, பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அந்த வாரம் கடைக்கு வந்தவள் பலகையைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனாள். நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை அவள் அப்பா கடை முன்னால் வந்து நின்றார். வேட்டி கசங்கியிருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

“யாரு இத எழுதுனது?”

நீ அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாய். “நாந்தாங்கண்ணே.”

“எம்மக மூணு நாளா ஊசியப் போடாம மறைச்சிருக்கா. ராத்திரி மூச்சு வாங்கி நெனவு தப்பிருச்சு. ஆசுபத்திரியில கெடக்கா. போர்டுல எழுதிப் போட்டுட்டா ஆச்சா? படிக்கிறவ என்ன ஆவான்னு வேணாமா?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முழுச் செய்தி இப்படி, அவள்தான் தவறாகப் புரிந்துகொண்டாள் என்கிற மாதிரி. நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். “தப்பு எம்மேலதாண்ணே. நான் வரலாமா, புள்ளையப் பாக்க?”

அவர் திரும்பி நடந்தார். நாம் பின்னாலேயே போனோம். கவிதாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. உன்னைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கம். “அக்கா, எனக்கும் சொந்தச் செல்லு இருக்குல்ல. ஊசியப் பழக்கப்படுத்துனதாலதான் அது சும்மா இருக்குன்னு நெனச்சேன். கொஞ்சம் பட்டினி போட்டா முழிச்சிக்கிரும்னு…”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தச் சீனப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த செல்லை ஆய்வுக்கூடத்தில் எப்படி மாற்றினார்கள், எப்படி வயிற்றுக்குள் திரும்ப வைத்தார்கள், அவள் ஏற்கெனவே ஈரல் மாற்றிக்கொண்டு அதற்காக வேறு வீரியமான மருந்துகளில் இருந்தவள் என்பதையெல்லாம் நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். அவள் அப்பா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் அவர்தான் கேட்டார்: “இத அம்புட்டையும் எழுத எடம் இல்லையா அந்தப் போர்டுல?”

“இருந்துச்சுண்ணே” என்றாய்.

திரும்பும்போது ஆட்டோவில் விரலை மடக்கி மடக்கி எண்ணினாய். “எட்டு வார்த்தை, ஜெயா. எட்டே எட்டு வார்த்தையில ஒரு உசுரு போகப் பாத்துச்சு.”

அன்று நமக்குள் சண்டை. பலகையைக் கழற்றி உள்ளே போடப்போகிறேன் என்றேன். கடை லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்றேன். அது உண்மையான பயம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: அந்தப் பிள்ளை படமெடுத்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் நான். “கழட்டுறதுன்னா கழட்டு. அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதிக்கிறேன்” என்றாய்.

பழைய இரண்டு வரியையும் நீ அழிக்கவில்லை. அதன் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாய்: “மேலே உள்ளதைப் பாதிதான் சொன்னோம். அது எங்கள் தவறு. ஊசியை யாரும் நிறுத்த வேண்டாம். மீதியைக் கடையில் கேளுங்கள்.” ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. பூ வாங்க வந்தவர்கள், பூக் கட்டுபவர்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள். எனக்குக் கூசியது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் சர்க்கரை நோய்க்காரர்கள் எத்தனை பேர் உள்ளே வந்து உட்கார்ந்து, யாரிடமும் கேட்காத சந்தேகங்களைக் கேட்டார்கள் தெரியுமா? பலகையை நான் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்தியின் கீழும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினாய். எதன் மேல் பார்த்தது, எலியா மனிதரா? எத்தனை பேர்? நம் கைக்கு வர இன்னும் என்ன பாக்கி? கவிதாவை முதலில் பார்க்க வந்தவர்கள் நோய் தெரிந்து போய்விட்டார்கள். பிறகு வந்த வத்தலக்குண்டுப் பையனிடம் அவளே முதல் பேச்சில் ஊசி டப்பாவைத் திறந்து காட்டியிருக்கிறாள். பத்திரிகை வைக்க அப்பாவும் மகளும் உன் வீட்டுக்கே வந்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு நீ போக முடியவில்லை. கால் வீங்க ஆரம்பித்திருந்தது. லூபஸ் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று மதுரையில் சொன்னார்கள். உன் மாத்திரைச் சீட்டு மாதாமாதம் நீண்டுகொண்டே போனது. அதைப் படித்து எடுத்துக்கொடுப்பவள் நான். என்னிடம் எதையும் மறைக்க உனக்கு வழியே இல்லை. ஸ்டீராய்டில் முகம் ஊதி, கண் சின்னதாகி, நீ வேறு யாரோ மாதிரி ஆனாய். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் தம்பி போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். ஜெர்மனியில் லூபஸ் முற்றிய சிலருக்கு அவர்களுடைய இரத்த அணுக்களையே எடுத்து, பழக்கி, திரும்ப உடம்புக்குள் அனுப்பியிருக்கிறார்கள். அவை எதிர்ப்புச் சக்தியில் கெட்டுப்போன காவலாட்களைத் துடைத்தெடுத்துவிட்டன. மருந்தே இல்லாமல் அவர்கள் நடமாடுகிறார்கள். இப்போது பல நாடுகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்குச் சொல்லாமல், உனக்காகவே, நானே சாக்பீஸை எடுத்து எழுதினேன்: “லூபஸ் நோய்க்கு விடிவு!” பெரிய ஆச்சரியக்குறியோடு. மூன்று கேள்விகளை எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

நீ பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்தாய். முந்தானையை முகம்வரை இழுத்துக்கொண்டு பலகை முன்னால் வெகுநேரம் நின்றாய். பாண்டியம்மா, “ஒனக்குத்தான்டி எழுதியிருக்கு, நல்ல சேதி” என்றது. நீ எட்டி, உள்ளங்கை ஓரத்தால் ‘விடிவு’ என்பதைத் தேய்த்து அழித்தாய்.

“ஏன்டி அழிக்கிற?” என்றது பாண்டியம்மா.

“இன்னொருத்திக்கும் லூபஸ் இருக்கும்லக்கா. மெட்ராசோ மதுரையோ போயிட்டு இந்த வழியா பஸ்ஸுல வருவா. ஜன்னல்ல இருந்து படிப்பா. நாளைக்கே கெடைக்கும்னு நெனச்சு இருக்குற மாத்திரைய விட்டுட்டான்னா?”

பிறகு என்னிடம் கை நீட்டினாய். நான் சாக்பீஸைக் கொடுத்தேன். “லூபஸ் நோய்க்கு ஒரு புது வழி” என்று திருத்தினாய். கீழே: “மனிதர் மேல் பார்த்தது. சில பேர்தான். செலவு மிக அதிகம், ஆபத்தும் உண்டு. எத்தனை நாள் தாங்கும் என்று இன்னும் தெரியாது. மாத்திரையை விடாதீர்கள்.” கடைசி வரி எழுதும்போது சுவரில் சாய்ந்துகொண்டாய்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் அழுதுவிட்டேன். உனக்கு நம்பிக்கையே இல்லையா என்று கேட்டேன்.

“நம்பாம என்ன? வந்துரும் ஜெயா, கண்டிப்பா வரும். ஆனா எனக்காக அது ஓடி வர முடியாதுல. அது நடையில அது வரட்டும்.” தண்ணீர் கேட்டுக் குடித்தாய். வெளியே யாரோ உன் எழுத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். நீ கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை கேட்டாய்.

ஆனியில் உன்னால் மாடிப்படி இறங்க முடியாமல் போனது. உன் தம்பியும் நானும் உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினோம். பாதி வழியில் படி திரும்பும் மூலையில் நாற்காலி மாட்டிக்கொண்டது. இப்படித் திருப்பினால் கைப்பிடி இடிக்கிறது, அப்படித் திருப்பினால் உன் முழங்கால் இடிக்கிறது. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. நீ மேலே உட்கார்ந்தபடி உடம்பு குலுங்கச் சிரித்தாய். “அந்தக் கொரியாக்காரருக்குப் போனப் போடு ஜெயா. சோபாவுக்குக் கணக்குப் போட்டீரே, சீக்காளிக்குப் போட்டீரான்னு கேளு.” மூன்று பேரும் அந்த மூலையில் மாட்டிக்கொண்டே சிரித்தோம். உன்னை இறக்குவதற்கு அரைமணி நேரம் ஆனது. அது முடியாமலே இருந்திருக்கலாம்.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த மத்தியானம், நீ பாதி உறக்கத்தில் இருந்தாய். ஜன்னல் திரை காற்றில் ஊதி ஊதி அடங்கியது. உன் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நானும் கண்ணசந்துவிட்டேன் போல. “எறங்குது ஜெயா” என்று உன் குரல் கேட்டது. பிறகு, எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி, “இல்ல, இல்ல… ஏறுது.” நான் விழித்துப் பார்த்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். சொன்னது நீயா என் கனவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆடி பிறந்த மூன்றாம் நாள் தம்பி போன் செய்தான்.

அந்தப் புரட்டாசியில், உலகமே பெரிதாகப் பேசும் பரிசுகளை அறிவித்தார்கள். மருத்துவத்துக்கானது, காவலாட்கள் சொந்த உடம்பையே அடிக்காமல் அவர்களைக் கட்டுப்படுத்தும் மேற்காவல் செல்களைக் கண்டவர்களுக்கு. வேதியியலுக்கானது, நீ கொடியில் தொங்கவிடச் சொன்ன அந்த அறைகள் நிறைந்த தூளைக் கட்டியவர்களுக்கு. ஒரே வாரத்தில் இரண்டும். நான் பலகையின் முன்னால் நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன். என் எழுத்து வலது பக்கம் சரிந்துகொண்டே போகும். உன்னுடையது மாதிரி நேராக நிற்காது. பாண்டியம்மா வந்து பார்த்தது. ஒரு முழம் மல்லிகையை எடுத்துப் பலகையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனது.

போன வாரம் பாலசமுத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், எழுபது வயது இருக்கும். மனைவிக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறதாம். யாரோ அனுப்பிய செய்தியைப் போனில் காட்டினார். “ஏனுங்கம்மா, இந்த ஊசியப் போட்டா அவளுக்குப் பழையபடி ஞாபகம் வந்துருமுங்களா?”

முப்பது வருடமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் சொல்வேன். சரியாயிரும், கவலப்படாதீங்க. சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டை வாங்கிவிடுவேன். அன்றைக்கு எழுந்து வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது, ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மெதுவாக்கும் என்றேன். போன ஞாபகம் திரும்பி வருவதாக யாரும் காட்டவில்லை என்றேன். சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வருவதைச் சொன்னேன். உங்கள் டாக்டரிடம் இன்னின்னதைக் கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வீட்டம்மாவுக்கு இப்போது எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். காலையில் காப்பி ஆற்றுவதை மறக்கவில்லை, என் பேரைத்தான் சில நேரம் மறந்துவிடுகிறாள் என்றார். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். பேசி முடிக்கும்போது கடையில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லையே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. எழுந்து நின்று கும்பிட்டார்.

“எல்லாரும் ஆயிரும் ஆயிரும்னு சொல்லி அனுப்பிச்சாங்க. பக்கத்துல உக்காந்து சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க. இனி நானு அவளுக்கு என்ன செய்யோணும்னு தெரிஞ்சுதுங்க.”

அந்தக் கும்பிடு உனக்கு வந்தது. நீ இல்லாததால் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.